கழித்தது போக

சின்ன வயசில் என்னை எடை பார்க்க
அம்மாதான் மெஷினில் ஏறுவாள்,
இடுப்பில் நான்.
அப்புறம் என்னை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு
அவள் மட்டும் ஒரு தரம்.
கழித்தது போக மீதியை எழுதுவார்கள்.
பதினொன்று இருநூறு.
பதினான்கு.
பத்தொன்பது வரை அந்த இடுப்பு தாங்கியது.
அதற்குப் பிறகு என் ஃபைலில்
எடைக் கட்டத்தில் எல்லாம் உத்தேசம்.

சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி நின்ற ஆஸ்பத்திரி.
பிறக்கும்போதே மூடாமல் விட்ட என் முதுகையும்
மூத்திரப்பையையும் காலையும்
ஒரே மேஜையில் ஒரே மூச்சில் பார்ப்பார் டாக்டர் ரெஜினா.
போன ஆவணியில் பதினெட்டு முடிந்தது.
ஒரு கடிதம் கொடுத்தார், ஒரே பக்கம்.
"இனிமே பெரியவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிரு சாமி"
என்றவர் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.

காங்கயத்தில் பஸ் ஏறி
பல்லடம், சூலூர் தாண்டி அதே கோயம்புத்தூர்தான்.
ஆனால் என் முதுகு இப்போது திங்கட்கிழமை, மூன்றாம் மாடி.
மூத்திரப்பை புதன்.
கால் வெள்ளிக்கிழமை, வேறு கட்டடம்.
மூன்றையும் ஒரே ஆளாக வைத்திருப்பது
என் வேலையாகிவிட்டது.

புதன்கிழமை அறை வாசலில் பெயர்ப்பலகை:
மரு. குழந்தைசாமி.
அந்தக் கட்டடத்தில் குழந்தை என்று
அவர் ஒருத்தர்தான் மிச்சம்.
சிரித்துவிட்டேன்.
அம்மா தொடையில் கிள்ளினாள்.
கண்ணுக்குத் தெரிந்தது, தொடைக்குத் தெரியாது.

"பொண்ணுக்கு என்னங்க தொந்தரவு?"
கேள்வி என் தலைக்கு மேலே போனது.
அம்மா பதினெட்டு வருசத்தை ஒப்பிக்க ஆரம்பித்தாள்,
தலைநீர் வடியக் குழாய் வைத்தது,
அது அடைத்துக்கொண்ட ஆடிமாதக் காய்ச்சல்,
நாலு மணிக்கொரு தரம் டியூப் போடப் படித்தது.
நர்ஸ் கையுறைப் பெட்டியைத் திறந்தார்.
கடிதத்தில் அந்த வரி இல்லை.
அம்மா இன்னும் ஒண்ணாம் வகுப்பு ஆபரேஷனில் இருந்தாள்.

"சிஸ்டர், ரப்பர் எனக்கு ஆகாதுங்க.
உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு அடைச்சுக்கும்.
வேற கையுறை போட்டுக்கங்க."

யார் பேசினது என்று
நானும் ஒரு கணம் தேடினேன்.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.
"அம்மா, கொஞ்சம் வெளிய உக்காந்திருக்கீங்களா?"
அம்மா எழுந்தாள். பையை எடுத்தாள், வைத்தாள்,
தண்ணீர் பாட்டிலை மட்டும் என் மடியில் போட்டாள்.
மூடிய கதவின் அடியில்
அவள் செருப்பு நகரவே இல்லை.

அவர் கேட்டதில் இரண்டுக்குப் பதில் சொன்னேன்.
ஒன்றை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டேன்.
நானும் ஒன்று கேட்டேன்,
அது இங்கே எதற்கு.

"எடை?"
மூலையில் இருந்த மெஷின் நிற்கிறவர்களுக்கானது.
"உத்தேசம் வேண்டாங்க. அடுத்த புதன் சரியாச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலை பார்க்கும் கொப்பரைக் களம்.
மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில்
சக்கர நாற்காலியோடு என்னை ஏற்றினார்கள்.
"ஆடாம இரு அம்மணி, முள்ளு நிக்கோணும்"
என்றார் லோடுமேன் மாரப்பன்.
தராசில் முள்ளே கிடையாது, சிவப்பு எண்கள்தான்.
அறுபத்திரண்டு நானூறு.
அப்புறம் காயும் கொப்பரைக்கு நடுவே
தார்ப்பாயில் என்னை உட்கார வைத்துவிட்டு
நாற்காலி மட்டும்.
பதினெட்டு அறுநூறு.

யாரோ ஒருத்தரின் சரக்குச் சீட்டு,
ஈரப்பதம் ஆறு சதவீதம் என்று போட்டிருந்தது.
அதன் முதுகில் அப்பா கழித்து எழுதினார்:
நாற்பத்து மூன்று எண்ணூறு.
அவர் விரல் எண்ணெய் பட்டு
எண்கள் ஊற ஆரம்பித்தன.
எனக்கு மனப்பாடம்.

நாற்காலியை இறக்கிவிட்டார்கள்.
தராசு சும்மா கிடந்தது.
அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள்.
"என்னத்துக்கு?" என்றார் அப்பா.
சும்மாதான் என்றாள்,
எண் நிற்கும்வரை நின்றிருந்தாள்.