மற்றவை

வகுப்பில் நாற்பத்து மூன்று பேர்.
நிரப்பியதாகச் சொன்னவர்கள் பதினொன்று.
"தூக்கம் எட்டு மணி நேரம்னு போட்டுட்டேன்ட்டி"
கொட்டாவியோடு சொன்னாள் முப்பிடாதி.

இது பரீட்சை இல்லை,
சரியான விடை என்று ஒன்று கிடையாது என்றேன்.
"அப்போ எதுக்கு எழுதணும்?" என்றாள் ஜெபக்கனி.
எனக்கும் அன்று பதில் தெரியவில்லை.

மாலை, பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல் பஸ்.
பேட்டை தாண்டித்தான் உட்கார இடம்.
மடியில் பை. பைக்குள் தண்ணீர் பாட்டில்,
காலையில் நிறைத்தபடியே கனத்தது.
இணைப்பை எல்லாருக்கும் அனுப்பியவள் நான்;
நானே இன்னும் நிரப்பவில்லை.

பதினான்காம் கேள்வி:
கல்லூரி நேரத்தில் எத்தனை தம்ளர் தண்ணீர்?
ஆறு என்று தொட்டேன்.
சுத்தமல்லி வளைவில் பஸ் ஒடிந்து திரும்ப
பாட்டில் தொடையில் இடித்தது.
ஆறை அழித்தேன்.
பூஜ்யம்.

ஏன் என்றது அடுத்த வரி.
மூன்றாம் மாடிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
ஒருத்தி உள்ளே போனால்
இன்னொருத்தி கதவைப் பிடிக்க வேண்டும்.
பிடிக்கச் சொல்லக் கூச்சப்பட்டுத்
தாகத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.
இதை நமக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு புகையிலைப் பக்கம்.
வீட்டில் யாராவது பயன்படுத்துகிறார்களா?
ஆம். இல்லை. இரண்டே பொத்தான்.
எங்கள் வீட்டில் யாரும் பீடி குடிப்பதில்லை.
நாளைக்கு எழுநூறு சுற்றுகிறோம்.
ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கும்
அம்மாவின் இருமலை
எந்தப் பொத்தானில் வைப்பது?

கீழே சின்னதாக ஒரு பெட்டி: மற்றவை.
இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டும்வரை
அதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் கேட்கிறேன், ஜெபக்கனி, மைமூன்,
யாரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை.
பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகலாம்.
மற்றதில் உள்ளதைச் சொல்லுங்கள்.
தாழ்ப்பாள் வந்துவிடும் என்று
சத்தியம் பண்ணமாட்டேன்.
ஆனால் ஒரு பூஜ்யம் தனியாகக் கிடந்தால்
'வெயில், தலைசுற்றல்' என்று எழுதி மூடிவிடுவார்கள்.
நாற்பத்து மூன்று பூஜ்யத்தை
எந்தச் சராசரிக்குள் ஒளிப்பார்கள்?

ஏட்டி முப்பிடாதி,
திருத்த வழி இருக்கிறது.
எட்டை அழி.

கோமு, நீ ஒன்றும் சொல்லாமல் போனாய்.
உன் போன் அண்ணன் கையில் என்று தெரியும்.
திங்கட்கிழமை வரை திறந்திருக்குமாம்.
நாளைக்கு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்.
என் போனைத் தருகிறேன்.
நீ நிரப்பி முடிக்கிறவரை
நான் ஜன்னலுக்கு வெளியே
பார்த்துக்கொண்டிருப்பேன்.