நூறு நாள் முகம்

பத்தாயிரம் கேட்டால் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு.
தினம் நூறு, நூறு நாள்.
சேலத்தில் இதற்குத் தண்டல் என்று பெயர்.
என் முதலீடு பணம் மட்டுமல்ல,
இரண்டு புருவத்துக்கும் நடுவே
நிமிர்ந்து நிற்கும் அந்தப் பதினொன்று.

அம்மாப்பேட்டையில் வண்டியை நிறுத்தி
ஹெல்மெட்டைக் கழற்றினால் போதும்,
தறிச் சத்தத்துக்குள்ளிருந்து காசு வரும்.
வாய் திறந்ததில்லை நான்.

மகள் நிச்சயத்துக்குப் படமெடுக்க வந்த பையன்
"அங்கிள், கொஞ்சம் சிரிங்க" என்றான்.
சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.
வளர்மதி அன்றே முடிவெடுத்துவிட்டாள்.

ஃபேர்லாண்ட்ஸ் கிளினிக். ஏசி. மீன் தொட்டி.
டாக்டரம்மா "முறைங்க சார்" என்றார்.
முப்பது வருஷத்தில் முதல் தடவை
ஒருவர் கேட்டு நான் முறைத்தேன்.
ஐந்து குத்து, எறும்பு கடித்த மாதிரி.
எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்,
"எத்தனை நாளைக்கு நிற்கும்?"
"மூணு மாசம், நாலு மாசம். சிலருக்குக் கூடக் குறைய.
கவலைப்படாதீங்க, மறுபடி போட்டுக்கலாம்."
அவருக்கு எப்படித் தெரியும்,
நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு
கேட்டவன் நான் என்று.

பத்தாம் நாள் பதினொன்று அழிந்தது.
சிலேட்டைத் துடைத்த மாதிரி நெற்றி.
கல்யாணப் படத்தில் பார்த்தால்
பெண்ணின் அப்பா யாரோ
நிலம் விற்றுக் கடன் அடைத்தவர் போல இருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.
ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன், முறைக்கிறேன்,
உள்ளே முழு பலத்தோடு முறைக்கிறேன்,
வெளியே ஒன்றும் வரவில்லை.
செவ்வாய்ப்பேட்டை தட்டுவடை செட் கடை முருகவேல்
பிளேட்டை நீட்டி "உட்காருங்கண்ணே" என்கிறான்.
பீட்ரூட் துருவலைத் தின்று முடிப்பதற்குள்
மச்சினன் பைக் விபத்து, பிளேட் வைத்த கால்,
ஆஸ்பத்திரி பில்,
எல்லாம் சொல்லி முடிக்கிறான்.
நெத்திமேட்டில் ஒருத்தி அழுதேவிட்டாள்.
மகளைக் கட்டிக் கொடுத்ததும்
பச்சியண்ணனுக்கு மனசு இளகிப்போச்சு என்று
மார்க்கெட் முழுக்கப் பேச்சு.
நோட்டில் தேதிக்கு நேரே சுழி, சுழி, சுழி.

கடைசிப் பக்கத்தில்
இன்னொரு தண்டலும் எழுதி வந்தேன்.
வாங்கியது: வழவழப்பான முகம் ஒன்று.
திருப்ப வேண்டியது: தினம் ஒரு இம்மி.
இதில் கட்டுகிறவன் யார், வசூலிக்கிறவன் யார் என்று
எனக்கே பிடிபடவில்லை.
மல்கோவா வந்து போய் நீலம் வந்தது.
ஆள் இல்லாத சந்தில்
பைக் கண்ணாடியை முறைத்துப் பார்ப்பேன்.
எழுபத்தெட்டு. எண்பத்தாறு.
தொண்ணூற்று மூன்றாம் நாள்
இடது புருவம் மட்டும் அசைந்தது,
பழைய கடன்காரன் பாதித் தவணை நீட்டுவதுபோல.

மலைக்கு வாரம் ஒரு நாள் வசூல்.
நூற்றுப் பத்தொன்பதாம் நாள்
கோட்டை மாரியம்மன் கூட்டத்தில் வண்டி நகராமல்
மதியம் தாண்டித்தான் ஏற்காடு ஏறினேன்.
பதினான்காவது ஊசி வளைவில்
மழை விட்ட எதிர்வெயில்.
கண் தானாக இடுங்கியது.
கண்ணாடியில் ஒன்று,
பக்கத்தில் இன்னொன்று.
வண்டியை ஓரம் கட்டி
நன்றாக முறைத்துப் பார்த்தேன்.
கைப்பிடிச் சுவரில் இருந்த குரங்கு
குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடும் ரோஸ்லின்
நாற்பது நாள் பாக்கி.
ஹெல்மெட்டைக் கழற்றி நின்றேன், பழைய ஆளாக.
அவள் கரண்டியை வைத்தாள்.
நெற்றியையே பார்த்தாள்.
அடுப்பைத் தணித்துவிட்டுக் கிட்டே வந்து
"என்னாச்சுண்ணே, உடம்பு சரியில்லையா?
போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தீங்க"
என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன்.
தலைவலி என்றேன்.
சுக்குக் காபி வந்தது.
பாக்கி நாற்பத்தொன்று.