ஐந்தாவது ஆள்

கொரியெந்தெஸ் சாலையின் பெரிய விளக்குப் பலகைகளிலிருந்து
பதினோரு தெரு தள்ளி,
மெத்தைக்கடைக்குப் பின்னால் எங்கள் அரங்கம்.
முப்பத்திரண்டு நாற்காலி. ஒன்று
பல் வைத்தியரிடம் கடன் வாங்கியது, இன்னும் பின்னால் சாயும்.
புவெனஸ் ஐரிஸில் இப்படி எத்தனையோ.
எண்ணப் போனவன் பாதி வழியில்
ஏதோ ஒன்றில் நடிக்கப் போய்விட்டானாம்.

காசின் மதிப்பு காலைக்கும் மாலைக்கும் மாறும் ஊரில்
டிக்கெட்டில் விலை அச்சடிப்பது வீண்.
உள்ளே வர இலவசம்.
வெளியே போகத் தொப்பி.

நான் விளக்குக்காரி.
ஏணிமேல் உட்கார்ந்து
மூன்று பொத்தான்களால் விடியவைப்பேன், இருட்டவைப்பேன்.

அன்று மழை.
எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு:
மேடையில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள் குறைந்தால்
கதவைச் சாத்திவிட்டு பீட்சா தின்னப் போகலாம்.
பிணத்தையும் சேர்த்து நடிகர்கள் ஐந்து.
வந்திருந்தது நான்கு:
ஃபெர்மினின் அக்கா,
அதற்குள் கண் மூடிவிட்ட அவள் கணவன்,
மழைக்கு ஒதுங்கிய இரண்டு மாணவர்கள்.

அப்போதுதான் கழிவறையிலிருந்து வந்தார் ஒஸ்வால்தோ,
கையில் குறடு, முழங்கால்வரை ஈரம்,
குழாய் இன்னும் சரியாகவில்லை என்று சொல்ல.
"உட்காருங்க" என்றாள் ஹிமேனா.
"எனக்கு நாடகம் தெரியாதே."
"எங்களுக்கும்தான்."
ஒப்புக்குச் சப்பாணியாக
சாயும் நாற்காலியில் சாய்ந்தார்.

ஃபெர்மின் எழுதியது சோக நாடகம்.
ஒன்பது வாரம் சோகமாகவே நடித்தோம்.
திறந்த சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி
விதவை சொல்வாள்:
"ஒரு குழாயையும் சொட்டவிடமாட்டார்.
எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுத்தான் படுப்பார்.
என் வாயையும்."

இதற்கு யாரும் சிரித்ததில்லை.
அக்கா அழுவதுண்டு, அதுவும் தம்பியை நினைத்து.

ஒஸ்வால்தோ சிரித்தார்.
தொழில் தெரிந்தவன் சிரிப்பு.
நாள்பட அடைத்திருந்த குழாய்
முதலில் இருமி, பிறகு பழுப்பாகத் துப்பி,
பிறகு நிறுத்தவே முடியாமல் கொட்டுமே, அப்படி.

ஹிமேனா நின்றாள்.
அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.
கழிவறையில் சொட்டுவதைக் கேட்டாள்.
அதே வரியை மறுபடி சொன்னாள்,
மெதுவாக,
சொட்டுக்கு ஒரு சொல்.

மாணவர்கள் விழுந்து சிரித்தார்கள். மைத்துனன் விழித்தான்.
செத்தவனின் வயிறு குலுங்கியதில்
மேலே வைத்த பூ உருண்டது.
ஒப்பாரிக்கென்று வைத்திருந்த நீலத்தை அணைத்து
மஞ்சளைப் போட்டேன், யாரையும் கேட்காமல்.
படிக்கட்டில் ஃபெர்மின் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.
விரலிடுக்கில் பற்கள் தெரிந்தன.

முடிந்ததும் தொப்பி சுற்றியது.
ஒஸ்வால்தோ பெரிய நோட்டாகப் போட்டு
மீதியை எண்ணி எடுத்துக்கொண்டார்.
சரியாக இவ்வளவு பெறும் என்று
எங்களிடம் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"வாஷர் மாத்தணும். செவ்வாய் வரட்டுமா?"

கழிவறைக் கதவை மறைத்து நின்றாள் ஹிமேனா,
தலையில் இன்னும் விதவையின் கறுப்புத் துணி.
"செவ்வாய் காட்சி இல்ல. வியாழன் வாங்க,
ஒன்பதுக்கு.
அதுவரைக்கும் குழாயைத் தொடாதீங்க."