உப்பு லாரி

டொலிடோ நகரம், பிப்ரவரி,
காலை ஆறு நாற்பது.
மூன்றாவது லைனில் ஒரு பெண்.
வெர்டெல் ப்ரூயிட் என்றாள்.
எழுத்துக் கூட்டிச் சொன்னாள், கடைசியில் இரண்டு எல் என்று.
அவசரத்தில் ஒன்றைத்தான் எழுதினேன்.
எதைப் பற்றிப் பேசவேண்டும்?
தெருவைப் பற்றி.
நான்கு நாளாகப் பனி தள்ளும் வண்டி வரவில்லை,
உப்பு லாரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை,
அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹார்லன் ட்ரெக்ஸ்லர்
அவளை இரண்டு வாக்கியம் பேசவிட்டான்.
பிறகு அவள் குரலை எடுத்து மாட்டிக்கொண்டான்,
வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே
கடையில் தொப்பி மாட்டிப் பார்ப்பவன் போல.
பெயரை இழுத்தான், தெருவை இழுத்தான்,
அவள் நிறத்துக்கும் பனியின் நிறத்துக்கும்
ஒரு முடிச்சுப் போட்டான்.
அந்த வாக்கியத்தை இங்கே எழுதமாட்டேன்.
மூன்று வாரம் நாடே அதை எழுதியது, போதும்.

எங்கள் ஒலிபரப்பு ஏழு விநாடி தாமதித்துத்தான்
ஊருக்குள் போகும்.
அந்த ஏழு விநாடிக்குத்தான் எனக்குச் சம்பளம்.
பலகையின் வலது மூலையில் சிவப்புப் பொத்தான்.
பதினோரு ஆண்டில் நான்கு முறை அழுத்தியிருக்கிறேன்,
நான்கும் கெட்ட வார்த்தைக்கு.
இதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.
தடைப்பட்டியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்
ஒன்று, இரண்டு, மூன்று,
ஏழு.

பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.
அவன் குரல் முடியும் இடத்தில், பின்னால், மெலிதாக,
தகர டப்பாவில் காசு விழுந்தாற்போல் ஒரு சிரிப்பு.
அது நான்.

என் பெயரின் வால் போலந்தில் முளைத்தது.
பல்பு மாட்ட எங்களில் எத்தனை பேர் வேண்டும் என்று
தினமும் அவன் ஒன்று சொல்வான்.
அதற்கும் சிரித்தேன்.
பழகிய சிரிப்பு
யாரைப் பார்த்து என்று கேட்பதில்லை.
இதைச் சாக்காகச் சொல்லவில்லை.
சாக்குதான்.

மதியத்துக்குள் மெத்தைக் கம்பெனி விலகியது,
சாயங்காலம் கார் ஏஜென்சி.
டிவியில் ஒரு பெட்டிக்குள் கண்டிப்பவர்,
எதிர்ப் பெட்டியில் நகைச்சுவைக்கு அழுகிறவர்,
நடுப் பெட்டி காலி. அடியில் எழுத்து:
திருமதி ப்ரூயிட்டைத் தொடர்புகொள்ள முடியவில்லை.
எப்படி முடியும்?
அவர்களுடைய வேனே
அவள் தெருமுனையில் அச்சு வரை புதைந்து கிடந்தது.

அன்றிரவே பனி வண்டி வந்தது.
வேன் நின்ற இடம் வரை தள்ளியது,
தள்ளிய பனியை ப்ரூயிட் வீட்டு வாசலில் குவித்தது,
திரும்பிப் போனது.
அந்தக் குவியல் மேல் ஏறி நின்று
நிருபர்கள் நேரலை தந்தார்கள்.
பின்னணியில் ஒருவர் மண்வாரியோடு
வந்து வந்து போவார்.
அவர்தான் அண்ணன்.
யாரும் கேட்கவில்லை.

ஹார்லன் மன்னிப்பு வாசித்தான்,
யார் மனமாவது புண்பட்டிருந்தால்.
புண்பட்டிருந்த வரைக்கும் அவனுடையது,
கடைசி 'ஆல்' வக்கீல் போட்டது.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
அவன் ஒரு மாதம் மீன் பிடித்தான்,
பிறகு சின்சினாட்டியில்
இதைவிட உயரமான கோபுரம், இதைவிடப் பெரிய பேனா,
ஒப்பந்தம்.

மார்ச்சில், வேலையை விட்ட அன்று,
அவள் எண்ணை அழைத்தேன்.
ஒப்பித்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் நின்றது.
அந்தப் பதிவில் சிரித்தவன் நான் என்று மட்டும் வந்தது.

மறுமுனையில் மௌனம்.
தொழில் பழக்கம், எண்ணிவிட்டேன்:
ஏழைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது.
எங்கோ ஒரு கெட்டில் கூவி அடங்கியது.

இது ரேடியோவில் போகிறதா, என்றாள்.
இல்லை.
அப்படியானால் சொல்,
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.
மறுபடி கொட்டுகிறது இங்கே.
உப்பு லாரி எப்போது வரும்?