மீட்டர் கேபிள்

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஆள் பார்த்து அடிப்பதில்லை.
காற்றாலை இறக்கை ஏற்றிய நெடிய லாரி
கடந்து போனதும் மறைவு சட்டென விலக,
பக்கவாட்டில் ஒரு அறை.
வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.
பட்டறை வாசலில் நின்று
பல் தேய்த்துக்கொண்டிருந்தேன் நான்.

ஹெல்மெட்டைக் கழற்றாதே என்று கத்தினேன்,
தமிழ் தெரியாதவனிடம், தமிழில், வாய் நிறைய நுரையோடு.
தோவாளைச் சந்தைக்குப் போன வேன்காரன்
பாதிக் கூடைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு
பின்னால் அவனைக் கிடத்தினான்.
ஆசாரிபள்ளம் போய்ச் சேர்ந்தபோது
அவன் மேலெல்லாம் பிச்சி மொட்டு.
"கல்யாண பார்ட்டியா?" என்றார் டூட்டி டாக்டர்.

பேர் ஸோமுவானா. ஊர் மிசோரத்தில் சம்பாய்.
எங்கள் வாயில் இரண்டாம் நாளே சோமு ஆனான்.
மூன்றாம் நாள் சீட்டிலும்.

தொடையில் கம்பி வைத்தார்கள்.
ராத்திரி துணைக்கு இருப்பவர் கையெழுத்துப் போட ஒரு ஏடு.
பெயருக்குப் பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம்.
மச்சினன் என்று எழுதினேன், ஏனென்று தெரியாது.
காற்றாலை டெக்னீசியன் ரெஜின், தம்பி.
திட்டுவிளை மைதீன் பிள்ளை, மாமா.
பூதலிங்கம் எழுதப்போகையில் பேனா தீர்ந்துவிட்டது.
ஏட்டைப் புரட்டிய சிஸ்டர் கிறிஸ்டல் பாய் கேட்டாள்:
"ராத்திரிக்கு ஒரு மதத்துல சொந்தம்.
இவன் அம்மைக்கு இதெல்லாம் தெரியுமா?"

அம்மைக்குத் தெரியும்.
விரிசல் விட்ட போனில் சாயங்காலம்தோறும் வருவாள்.
நேசமலர் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியுமாகத்
தட்டைத் தூக்கிக் காட்டுவாள்.
அந்தப் பக்கம் அவள் ஒரு காந்தாரி மிளகாயைத் தூக்கிக் காட்டுவாள்.
உறைப்புப் போதாது என்று அர்த்தம்.
அது புரிய என் வீட்டுக்காரிக்கு நாலு நாள் பிடித்தது.
புரிந்த அன்று கோபமும் வந்தது.

பூதலிங்கம் டீக்கடையில் கணக்கு எழுதினார்:
டீ, டீ, ரசவடை இரண்டு.
கடைசியில் வாங்கவும் செய்தார், வடைக்கு மட்டும்.
"டீ மருந்தாக்கும் வே. வடை ஆசையாக்கும்."

பத்து வாரம்.
டயர் அடுக்கும் அறையில் கட்டில் போட்டோம்.
வாக்கர் போய் ஒற்றைக் கம்பு வந்தது.
ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து
பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு சொல்வான்.
நடுவில் உள்ள எண்கள் இன்றுவரை வராது.
சில ராத்திரி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவான்.
அப்போது எழுந்துபோய்
கம்ப்ரஸரை ஓடவிடுவேன்,
காற்று அடிக்க ஒரு டயரும் இல்லாதபோதும்.

ஃபோர்க் வளைந்திருந்தது. டாங்க் நசுங்கியிருந்தது.
மீட்டர் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.
நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.
குமரிமுனைக்கு இன்னும் இருபத்திரண்டு
என்கிறது எங்கள் ஊர்க் கல்.
காரில் கூட்டிப்போறேன், அரை மணி நேரம் என்றான் ரெஜின்.
சோமு வண்டியைக் காட்டினான், தன் நெஞ்சைக் காட்டினான்,
இரண்டு விரலையும் ஒன்றாகச் சேர்த்தான்.
கடல் அங்கேதானே கிடக்கும் என்று விட்டுவிட்டோம்.

வண்டி தொட இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றார் டாக்டர்.
நாகர்கோவில் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம்.
மைதீன் பிள்ளை மாத்திரைகளைக் கவர் கவராகப் பிரித்து
சூரியனும் நிலாவும் வரைந்திருந்தார்.
சாவி என் ஆணியில் தொங்குகிறது.

பேட்டரி செத்துவிடக் கூடாதென்று
ஞாயிறுதோறும் தோவாளை வரை ஓட்டிப் பார்க்கிறேன்.
அதற்கு முன் குனிந்து
முன் சக்கரத்தில் மீட்டர் கேபிளைக் கழற்றிவிடுகிறேன்.
அந்த இருபத்திரண்டில் ஒரு முழம் என்னுடையதாகக் கூடாது.

முள் பூஜ்யத்தில் கிடக்கிறது.
காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது.
அறுபதில் போகிறேனோ எழுபதில் போகிறேனோ,
போலீஸ் நிறுத்திக் கேட்டால் சொல்ல
என்னிடம் பதிலில்லை.