கட்டம் 4172

கேம்பிரிட்ஜ் பே, ஜூன் பதினெட்டு.
மூன்றாவது துளையில் கருவி சிக்கிக்கொண்டது.
லீட்டியா அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள்,
சுற்றியது.

நாடாவின் பித்தளை முனை துளைக்குள் இறங்கி
அடிப்பனியைப் பற்றி நின்றது.
நூற்று நாற்பத்தொன்று, என்றாள்.
எழுதினேன். பென்சிலில்தான்,
இந்த ஈரத்தில் பேனா ஓடாது.

காலையில் எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில்
அது கடந்துபோயிருந்தது.
இருபத்தைந்து கிலோமீட்டர்ச் சதுரம் அதற்கு ஒரு புள்ளி.
அந்த ஒரு புள்ளிக்குள்
நாங்கள் இருவர், இரண்டு பனிவண்டி,
பிளாஸ்க்கில் பாதித் தேநீர்,
கரையோரம் துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்கள்,
கண்ணுக்கெட்டிய மட்டும் நீலநீலமாய் உருகுநீர்க் குட்டைகள்.
எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டு
ஒரே எண் சொன்னது:
பனி ஐம்பத்தெட்டு விழுக்காடு.
மீதி கடல்.

அந்த மீதியில் நிற்கிறேன்.
கணுக்காலளவு தண்ணீர்,
அதன் கீழே என் தோளுயரப் பனி.
அதன் கணக்கில்
நான் மூழ்கிப் பத்து நாளாகிறது.

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.
அதற்குக் கண் இல்லை;
பரப்பு முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறது.
குட்டைக்கும் கடலுக்கும் அங்கே ஒரே குரல்.
கானலைத் தண்ணீரென்று நம்பி ஏமாந்தவர்களின் கதை
எங்கள் மொழியில் ஏராளம்.
தண்ணீரைத் தண்ணீரென்று நம்பி ஏமாந்தது
இது ஒன்றுதான்.

வின்னிபெக்கிலிருந்து செய்தி:
'உங்கள் அளவு ஒத்துவரவில்லை. சரிபார்க்கவும்.'
எதை வைத்து எதை?

லீட்டியா ஒன்றும் சொல்லவில்லை.
தன் நாடாவை எடுத்து
என்னுடையதன் பக்கத்தில் ஸ்லெட் மேல் விரித்தாள்.
மீட்டருக்கு மீட்டர் சரி.
முனையில்தான் கோளாறு:
மார்ச்சில் அறுந்த வளையத்துக்குப் பதில்
நான் முறுக்கிக் கட்டிய கம்பி,
இரண்டு சென்டிமீட்டர் நீளம்.
அன்றுமுதல் என் பனியெல்லாம்
இரண்டு சென்டிமீட்டர் மெலிவு.

நூற்றைம்பத்தாறு துளைகள்.
அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு,
பழைய எண் தெரியும்படி
ஒவ்வொன்றாய்த் திருத்தினேன்.
தவறினாலும் பிழைத்தேன்,
தப்பினாலும் பிழைத்தேன்:
எங்களுக்கு ஒரே சொல்.
லீட்டியாவுக்கு விளக்கப் பார்த்தேன்,
தேநீர் ஆறுகிறது என்றாள்.

வின்னிபெக்குக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நான்காவது துளை.
நூற்று முப்பத்தெட்டு, என்றாள்.
யார் நாடாவில்?
உன்னுடையதில்.
நூற்று முப்பத்தெட்டு என்று எழுதி
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டேன்.