அரைச் சுற்று

கூரெசாரே துறையில் மே மாதக் குளிர்.
பாய்மரத்தடியில் மல்லாந்து படுத்து
ஒற்றைக்கண்ணால் உச்சிவரை பார்த்தாள் லீவி.
இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்வு.
டேப்பை உச்சிக்கு ஏற்றி இரு பக்கமும் அளந்தாள்:
ஆறு மில்லிமீட்டர்.

"போன வருஷம் நீதான் முறுக்கினாய்."
ஊர்மஸ் பதில் சொல்லவில்லை.
திருகில் அரைச் சுற்று விட்டான்;
கம்பியைச் சுண்டினான், கீச்சென்றது.
இன்னொரு அரைச் சுற்று.
இப்போது கொஞ்சம் கனத்த குரல்.

படகு இருவருக்கும் பாதிப் பாதி.
வீட்டை ஏற்கெனவே விற்றாயிற்று.

விரிகுடாவில் பாய் புடைத்ததும்
காற்று மோதும் பக்கத்துக் கம்பி விறைத்தது,
மறுபக்கத்தது தொய்ந்து
லேசாக ஆடியது.
"அதை இறுக்கட்டுமா?"

வேண்டாம்.
அது அப்படித்தான் இருக்கணும்.
திரும்பும்போது அதன் முறை வரும்.

குனி,
பாய்த்தடி வருது.